உடன் பார்த்தவர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் வாய் திறந்து முழுதாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு ஒரு கை போதும், கட்டை விரலுக்கு வேலை இருக்காது. பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை எழுதித்தான் வைப்பார்.

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. தேதிக் கட்டங்களில் மற்ற வீடுகளில் பால் கணக்கோ பள்ளிக்கூட விடுமுறையோ இருக்கும். இங்கே எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் 'உப்பு குறைவு' என்று இருக்கும். அடுத்த வாரம் 'சட்டைப் பொத்தான் இன்னும் தைக்கவில்லை'. அதற்கடுத்து 'மீண்டும் உப்பு'. சாப்பிடும்போது கேட்டால் "நல்லாருக்கு" என்பார். கை கழுவிவிட்டுப் போய் எழுதுவார். கல்யாணமான புதிதில் அக்கா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதாள். மூன்றாவது நாளோடு படிப்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் அமோகமாக நடக்கிறது. அவர் எழுதுகிறார், அவள் படிப்பதில்லை, இருவருக்கும் நிம்மதி.

நானும் அவரும் ஒரே ஆலையில்தான் வேலை பார்த்தோம். பால் பவுடர் ஆலை. பிஸ்கட், சூப், சாக்லேட், கேக் மாவு என்று பலதிலும் கலப்பதற்கான பவுடர் எங்களிடமிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகும். மூட்டை வாயைத் தைக்கும் மெஷின் என்னுடையது. அத்தான் காந்தம். பதவிப் பெயர் வேறு ஏதோ நீளமாக இருந்தது. ஆலையில் அவரை அழைத்தது 'காந்தம்' என்றுதான். காந்தம் என்றால் எதையாவது இழுக்கவாவது வேண்டும். இவர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தவன்கூட இரண்டாம் நாள் இடம் மாறிவிடுவான்.

அவர் வேலை இதுதான். பவுடர் ஒரு நீளக் குழாய்க்குள் சுழலும் திருகு ஒன்றால் தள்ளப்பட்டு மூட்டையில் விழும். விழுவதற்குச் சற்று மேலே ஒரு பெட்டி, அதற்குள் விரல் தடிமனில் ஐந்து காந்தக் கம்பிகள். பவுடரில் இரும்புத் தூள் ஏதாவது இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் அத்தான் அந்தப் பெட்டியை இழுப்பார், ஒவ்வொரு கம்பியிலும் கண்ணாடி டேப்பை வைத்து நீவுவார், உரித்து எடுப்பார், அந்த டேப்பை அப்படியே ரெஜிஸ்டர் பக்கத்தில் ஒட்டுவார். இரும்பு ஏதாவது வந்திருந்தால் டேப்புக்கு அடியில் கறுப்புப் புள்ளியாகக் காலாகாலத்துக்கும் இருக்கும். நல்ல நாளில் ஒன்றிரண்டு புள்ளி. கெட்ட நாளில் மூன்று. பத்தொன்பது வருடமாக இதையே செய்தார். பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல அத்தனை பதமாகச் செய்வார்.

டேப்புக்குக் கீழே நான்கு கட்டங்கள். முதலில் 'குறிப்பு'. பிறகு 'எடுத்தவர்', 'உடன் பார்த்தவர்', 'மேலாளர்' என்று மூன்று கையெழுத்து. உடன் பார்த்தவர் என்பது அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர். தப்பு நடந்துவிடக் கூடாது என்று மூன்று பேரை வைத்திருந்தார்கள். மூன்று பேரும் மற்ற இருவர் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள். பாதுகாப்பு என்றால் இதுவல்லவா பாதுகாப்பு! இதற்கப்புறம் கடைசியில் ஒரு மெட்டல் டிடெக்டர் வேறு. ஊசி அளவுக்கு ஏதாவது போனால்தான் அது கத்தும், தூளுக்கெல்லாம் வாயைத் திறக்காது. எங்கள் ஆபீஸில் பழகிய மெஷின் அல்லவா.

மாதாமாதம் ஐந்தாம் தேதி தொழிலாளிக்கு ஒரு கிலோ பவுடர் பாக்கெட் இலவசம். அன்றைக்குக் கட்டிய சரக்கிலிருந்தே கொடுப்பார்கள். சம்பளத்தை ஏற்றச் சொன்னால் நிர்வாகம் இந்தப் பாக்கெட்டைத்தான் கண்ணில் காட்டும். போன ஐந்தாம் தேதி நான் வரிசையில் நின்றபோது, ஸ்டோர்க்காரர் என் கையில் இரண்டாகத் திணித்தார்.

"உங்க அத்தான் வேணாம்னுட்டாரு. நீயே எடுத்துட்டுப் போ. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்குல்ல."

இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா? இரண்டையும் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அத்தான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார்.

"ரெண்டு எதுக்குடா?" என்றார்.

"நீங்க வேணாம்னீங்களாமே."

"ஒண்ணு போதாதா?"

"இருக்கட்டும் அத்தான். பாப்பா ரெண்டு வேளையும் பால்தான் குடிக்குது."

சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, "பால் ஊத்தாம வெறும் டீ குடிச்சா ஒடம்புக்கு நல்லதாம்" என்றார். என் மகளுக்கு இரண்டரை வயது. அவளுக்கு டீ யோசனை சொல்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொன்னேன், என் மனைவியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பதினான்காம் தேதி காலையில் சிரிப்பு நின்றது.

பிஸ்கட் கம்பெனி ஒன்று எங்கள் பவுடரைச் சலித்தபோது சல்லடையில் பளபளவென்று ஏதோ மிஞ்சியிருக்கிறது. குழாய்க்குள் ஓடும் திருகு ஒரு பக்கம் தேய்ந்து, குழாயை உரசி, உலோகத்தைச் சீவிச் சீவிப் பவுடரில் போட்டிருக்கிறது. மூன்றாம் தேதியிலிருந்து பதிமூன்றாம் தேதிவரை கட்டிய மூட்டைகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் நிர்வாகம் ஓர் அறிக்கை விட்டது. 'உலோகத் துகள்கள் கலந்திருப்பதற்கான வாய்ப்பு இருக்கலாம் எனக் கருதப்படுவதால், முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக' என்று தொடங்கியது. கலந்திருக்கிறது என்ற ஒரு சொல்லை எத்தனை மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்! பிஸ்கட், சூப், சாக்லேட் என்று எதெதைத் தின்னக் கூடாது என்ற பட்டியல் மட்டும் செய்தியில் ஐந்து நிமிடம் ஓடியது.

நான் பட்டியலைக் கேட்கவில்லை. அடுப்படி மேடையில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாக்கெட் காலி. இரண்டாவது பாக்கெட்டில் கால்வாசி போயிருந்தது. ஒன்பது நாள், இரண்டு வேளை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "இப்பவரைக்கும் பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு வாரம் கவனிங்க. வாந்தி, வயித்துவலின்னா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். அந்த இரண்டு வாரமும் நானும் என் மனைவியும் தூங்கிய தூக்கத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. பிள்ளை தும்மினால்கூட இருவரும் எழுந்து உட்கார்ந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் என் மனைவி கேட்டாள்.

"உங்க அக்கா வீட்டுலயும் அதைத்தானே குடிப்பாங்க? சொன்னீங்களா?"

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "எங்களுக்கு இந்த மாசம் வரவே இல்லையேடா. ஆலையில குடுக்கலைன்னு சொல்லிட்டாரே உங்க அத்தான்."

குடுக்கலையா? வேணாம்னு சொல்லிவிட்டு வந்த ஆள், வீட்டில் குடுக்கலை என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஐந்தாம் தேதியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் பெண்டாட்டி வாயில் போகக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். என் பிள்ளை வாயில் போகிறதை, சைக்கிள் கம்பி துடைத்துக்கொண்டே வழியனுப்பி வைத்திருக்கிறார். அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே கை துடித்தது.

மறுநாள் ஆலைக்கு அந்தத் துடிப்போடுதான் போனேன். லைன் நின்றுபோயிருந்தது. பவுடர் தூசி இல்லாத அந்தக் கூடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், தரை பச்சை நிறம் என்பது எனக்குப் புதுச் செய்தி. அத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் மேனேஜர் எங்கள் இருவரையுமே அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். பத்தொன்பது வருடத்தில் அத்தானை அவர் உட்காரச் சொன்னது அன்றுதான்.

"நம்ம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார்.

மேனேஜர் குடும்பம் என்று சொன்னால், அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவனுக்கு வேலை போகப் போகிறது என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. அத்தான் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பரிசோதனை அதிகாரி வர்றாங்க. காந்த ரெஜிஸ்டரைத்தான் முதல்ல கேப்பாங்க. பழசுல கொஞ்சம்... கறை பட்ட மாதிரி இருக்கு." கறை! "புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அந்தப் பதினோரு நாளை மட்டும் அழகா எழுதிடுங்க. ரெஜிஸ்டர் சுத்தமா இருந்தா, தப்பு நடந்தது வழியில லாரியிலயோ அந்த பிஸ்கட் கம்பெனியிலயோன்னு போயிடும். இல்லேன்னு வைங்க, காந்தத்தைச் சரியாத் துடைக்கலைன்னு உங்க தலையிலதான் விழும். பத்தொன்பது வருஷ சர்வீஸ். யோசிச்சுப் பாருங்க."

"நான் எதுக்கு சார்?" என்றேன்.

"நீதானேப்பா உடன் பார்த்தவர்?"

இதுவரை இந்த ஒரு விஷயத்தை நான் நைசாகக் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன். காந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது என் தையல் மெஷின். தினமும் காலையில் அத்தான் ரெஜிஸ்டரை நீட்டுவார். ஒரு கையில் மூட்டை, பல்லில் நூல், மறு கையால் ஒரு கிறுக்கல். அவர் முகத்தைக்கூட நான் பார்ப்பதில்லை, பக்கத்தை எங்கே பார்ப்பது?

பழைய ரெஜிஸ்டரை மேனேஜர் மேஜைமேல் போட்டார். அதை எடுத்துப் பிரித்தேன்.

மூன்றாம் தேதி. டேப்புக்கடியில் ஏழெட்டுப் புள்ளி. குறிப்பு: 'வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்'. நான்காம் தேதி: 'நேற்றைவிட அதிகம்'. ஐந்தாம் தேதி, 'புள்ளி இல்லை, சீவல். வெள்ளியாக மின்னுகிறது. குழாய்த் திருகைப் பார்க்கவும்'. ஆறாம் தேதி 'தயவுசெய்து பார்க்கவும்'. பத்தாம் தேதி வரும்போது டேப் முழுக்கச் சாம்பல் நிறம், மீன் செதில்போல மினுக்கியது. 'சாப்பிடும் பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தார். பதினோரு பக்கத்திலும் அந்த எறும்பு எழுத்து. பதினோரு பக்கத்திலும் மேனேஜரின் பூப்போட்ட கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் பதினோரு முறை என் கிறுக்கல்.

அத்தானின் கழுத்தைப் பிடிக்கத் துடித்த கை ரெஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அத்தான் எழுந்தார். புது ரெஜிஸ்டரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து முதல் பக்கத்தைக் காட்டினார். அதிலும் டேப்புக்கடியில் மினுமினுவென்று சீவல்.

"என்னய்யா இது?" என்று மேனேஜர் கத்தினார்.

"டேப் சார். காந்தத்துல வச்சு எடுத்துட்டு வந்தேன்."

"வெறும் டேப்பை ஒட்டுய்யா!"

அத்தான் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எதிர்ப்பெல்லாம் இல்லை. உண்மையிலேயே விளங்கவில்லை. "காந்தத்துல வைக்காம எப்படி சார் ஒட்டுறது?" என்றார்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்தார். டேப்பைப் பிடுங்கித் தானே பதினோரு பக்கத்துக்கும் வெறும் டேப்பாக ஒட்டித் தள்ளினார். இரண்டு இடத்தில் சுருக்கம், ஓரிடத்தில் அவர் தலைமுடி. "இப்ப எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தலைமை அலுவலகத்தில் யாரிடமோ, "எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு சார்" என்று சிரித்துப் பேசினார்.

அத்தான் பேனா மூடியைத் திறந்தார். முதல் பக்கம், குறிப்புக் கட்டம். அவர் எழுதுவதைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் எழுதும்போதே படித்தேன்.

'டேப் காந்தத்தில் வைக்கப்படவில்லை. ஒட்டியவர் மேனேஜர்.'

கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் உடன் பார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கிறுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல முழுப் பெயரையும் எழுதினேன். பக்கம் பக்கமாக அதையே எழுதினார், நானும் போட்டேன். பதினோராவது பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'அசல் ரெஜிஸ்டர் மேனேஜர் மேஜையில், இரண்டாவது டிராயரில்.' அதை அவர் எழுதுவதற்குச் சற்று முன்புதான் மேனேஜர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்து, பழைய ரெஜிஸ்டரை அந்த டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தார். நாங்கள் முடித்ததும் புது ரெஜிஸ்டரை இழுத்து, பேசிக்கொண்டே, பதினோரு பக்கத்திலும் வரிசையாகப் பூப்போட்டார்.

அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. குறிப்புக் கட்டத்தைப் படிக்கும் வழக்கம் அந்த ஆலையில் யாருக்கும் இல்லை.

அதிகாரி அம்மாவுக்கு அந்த வழக்கம் இருந்தது. மறுநாள் காலை மேனேஜர் தன் கையாலேயே ரெஜிஸ்டரைப் பெருமையாக நீட்டினார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியில் வைத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். பதினோராவது பக்கம் முடிந்ததும், "இரண்டாவது டிராயரைத் திறங்க" என்றார். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்கப் பத்தொன்பது வருடம் காத்திருந்தாலும் தகும்.

ஆனால் எனக்கு அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்தான் நிலைத்தது. பழைய ரெஜிஸ்டரைப் பிரித்துவைத்து அந்த அம்மா கேட்டார்: "உடன் பார்த்தவர் யாரு?"

"நான்தான்."

"பதினோரு நாளும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"என்ன பார்த்தீங்க?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதற்காகப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அத்தான் வீட்டுச் சம்பந்தம் அந்த ஒரு நிமிடத்தில்தான் என் ரத்தத்தில் ஊறியது.

மேனேஜருக்கு வேலை போனது. தலைமை அலுவலகம் அவரை 'வாய்ப்பு இருக்கலாம் எனக் கருதப்படுவதால்' நீண்ட விடுப்பில் அனுப்பி, பிறகு அப்படியே மறந்துவிட்டது. நானும் அத்தானும் சஸ்பெண்ட். தெரிந்தும் மேலே சொல்லாதவர் என்று அவர் பேரில், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று என் பேரில். இரண்டுமே உண்மை என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

இரண்டு வாரம் முடிந்து, டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்து, "பிள்ளை நல்லாருக்கு" என்று சொன்ன அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை பாக்கி இருந்ததே. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு என் பிள்ளையை விட்ட கணக்கை எந்த ரெஜிஸ்டரிலும் நான் மூடுவதாக இல்லை. அத்தான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சஸ்பெண்ட் ஆன பிறகு அக்கா அவருக்குக் கொடுத்த புது உத்தியோகம்.

சுவரில் காலண்டர். எதற்கென்று தெரியாமல் ஐந்தாம் தேதிக் கட்டத்தைத் தேடினேன். இருந்தது. எறும்பு எழுத்து.

'மச்சினன் இரண்டு பாக்கெட் எடுத்தான். தெரிந்துமா?'

"அத்தான்" என்றேன். "இதை எழுதுனதுக்குப் பதிலா, வாசல்ல வச்சே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பவுடர் கெட்டுப்போச்சுடான்னு ஒரு வார்த்தை?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாக ஆச்சரியம் இருந்தது.

"உனக்குத் தெரியும்னுதானேடா நெனச்சேன்" என்றார். "காலையிலதான் கையெழுத்துப் போட்டிருந்த."